தாழிக்கு வாங்கிய சேலை

பட்டணத்து மியூசியத்துக்கு அன்று போனது மூன்று பேர்: அய்யா, ஆத்தா, நான். வராதவர் சித்தப்பா. உண்மையில் அவரும் வந்திருக்க வேண்டியவர். தொண்டிக்கு மேற்கே எங்கள் புஞ்சையில் கிணறு வெட்டும்போது அண்ணனும் தம்பியுமாகத்தான் கடப்பாரை போட்டார்கள். நெஞ்சளவு ஆழத்தில் அய்யாவின் கடப்பாரை ஒரு பெரிய பானையில் இறங்கியது. உள்ளே எலும்பு. அந்த வருசமே சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார்.

"செத்தவுக வீட்டை இடிச்சா சும்மா விடுவாகளா?" என்றது ஊர்.

அய்யா கடப்பாரையைத் தூக்கிப் பரணில் போட்டார். அதிகாரிகள் வந்து, உடைந்த பானையை வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிணறு பாதியில் நின்றது. மூன்று வருசமாக எங்கள் நிலம் வானத்தைப் பார்த்தே கிடந்தது. பானைக்குள்ள இருந்தவுககிட்ட மன்னிப்புக் கேட்காமல் அந்தக் குழியில் இறங்க மாட்டேன் என்று அய்யா இருந்துவிட்டார்.

கல்லூரியில் இரண்டாம் வருசம் படிக்கையில், மியூசியத்தில் செத்தவர்களை வைத்துப் புதைக்கும் ஒரு தாழிக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டேன். சின்ன அட்டையில், இங்கிலீஷில். எங்கள் ஊரை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சந்தோசத்தில் மேற்கொண்டு படிக்கவே தோன்றவில்லை. லீவுக்குப் போனபோது சொன்னேன். அய்யா கேட்டது ஒன்றுதான்.

"ஒட்டிட்டாகளா?"

"முழுசா நிக்குதுய்யா."

அடுத்த மாதமே இரண்டு வெள்ளாட்டை விற்று ரயிலேறிவிட்டார்கள்.

எழும்பூரில் இறங்கியபோது ஆத்தா கையில் எனக்கென்று திருப்பாலைக்குடிக் கருவாடு. அய்யா கக்கத்தில் ஒரு மஞ்சப்பை, யாரிடமும் கொடுக்காமல். ஜட்கா வண்டிக்காரர், "உயிர் காலேஜா, செத்த காலேஜா?" என்று கேட்டார். மிருகக்காட்சிசாலையையும் மியூசியத்தையும் பட்டணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் விளக்குவதற்குள் அய்யா, "செத்தவுக இருக்க எடத்துக்குத்தான்யா" என்றார்.

செப்புத் திருமேனிகள் இருந்த கூடத்தில் ஆத்தாவின் கால் நகரவில்லை. சாமி என்றால் இருட்டுக்குள் ஒரு முகம், ஒரு தீபம், அவ்வளவுதான் அவள் கண்டது. இங்கே வெயில் விழும் கூடத்தில், பூவும் பட்டும் இல்லாமல், விரல் நகம் வரை தெரிய அத்தனை சாமியும் நின்றன. நடனமாடும் ஈசனின் தூக்கிய பாதம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. கும்பிட்ட கையை எடுக்காமல் ஒவ்வொருவரையும் சுற்றி வந்தாள். "முதுகையும் காட்டுறாகளே! நாம பாக்கலாமாய்யா?" என்று என் காதில் கேட்டாள். நானும் அன்றுதான் அந்த முதுகுகளைப் பார்த்தேன்.

அய்யா எங்கேயும் நிற்கவில்லை. தாழி இருந்த கூடத்துக்குப் போய்த்தான் நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, செக்கச் செவேலென்று நின்றது தாழி. வயிற்றுப் பக்கம் உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறப் பூச்சு.

"இங்கனதான் பட்டுச்சு" என்று தொடாமல் கையை நீட்டிக் காட்டினார். அப்புறம் மஞ்சப்பையிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்தார். செத்தவர்களுக்குப் போர்த்தும் கோடி. அதைக் கொண்டுவந்திருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

காவலாளி ஓடி வந்தார். "யோவ், இன்னாய்யா பண்றே? அது மேல ஒண்ணும் போடக் கூடாது. இன்னா நாத்தம் இது, கருவாடா?"

"உள்ள இருக்கவுகளுக்குக் கோடிங்க. எங்க காட்டுல கெடந்தவுக."

"உள்ள யாரும் இல்ல பெரியவரே. அதோ, கண்ணாடிப் பொட்டில கீது."

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் நாலைந்து எலும்புகள். அதன் அட்டையை வாய்விட்டு, தமிழில் படித்தேன். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. இளவயதுப் பெண்.

"பொம்பளையா!" என்றாள் ஆத்தா. "பொம்பளைக்கு வேட்டியவா கொண்டாந்தீக?"

அய்யா கையில் வேட்டி அப்படியே நின்றது. "ஏலே, எத்தனை வருசம்னு சொன்ன?"

"ரெண்டாயிரம்."

"அம்புட்டு வருசமா நம்ம காட்டுலயா படுத்திருந்தா?" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ மேலதான நாம கேப்பையும் வரகும் வெதச்சோம்."

நான் வரலாற்றுப் பாடத்தில் நல்ல மார்க் வாங்குகிறவன். இரண்டாயிரம் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு நீளம் என்று அந்தக் கூடத்தில்தான் எனக்கு உறைத்தது. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஏர் அவள் தலைக்கு மேலே போய்வந்திருக்கிறது.

"பொம்பளைக்குப் பொறந்த வீட்டுக் கோடில்ல வரணும்?" என்றாள் ஆத்தா. "இவ பொறந்த வீட்டுக்கு எங்க போக?"

"நம்ம மண்ணுல கெடந்தவ. நாமதான்" என்றார் அய்யா.

வெளியே வந்து தெருமுனை ஜவுளிக்கடைக்குப் போனோம். கடைக்காரர், "மகளுக்காம்மா?" என்றார். ஆத்தா ஒரு கணம் யோசித்து, "ஆமா, மக வயசுதான்" என்று சிவப்புச் சேலையாகப் பார்த்து எடுத்தாள்.

திரும்பி வந்ததைக் கண்டு காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "மேல போடக் கூடாதும்மா. சொன்னா கேளு."

"போடலய்யா. காட்டிக்கிறேன்."

அவர் வாசலைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் ஆவட்டும்" என்றார்.

ஆத்தா சேலையை விரித்து, தாழிக்கு முன்னால் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். "பொறந்த வீட்டுக் கோடி வந்திருக்கு, கண்ணு முழிச்சுப் பாரு தாயி" என்று அழ ஆரம்பித்தாள். பக்கத்துக் கூடத்துக் கூட்டமெல்லாம் வாசலில் வந்து நின்றது.

"மெதுவா அழு தாயி, மாடில ஆபீசர் கீறாரு" என்றார் காவலாளி. ஆனால் தடுக்கவில்லை. அய்யா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது நெற்றியில் மியூசியத்துத் தரைத் தூசி. அதை அவர் துடைக்கவில்லை.

சேலையை ஊருக்குக் கொண்டுபோய், தாழி கிடந்த இடத்தில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்கள். மறுநாள் அய்யா பரணிலிருந்து கடப்பாரையை இறக்கி, பத்தடி தள்ளிப் புதுக்கிணற்றுக்கு முதல் குத்துப் போட்டார்.

வரப்பில் போன ஒருவர் நின்று கேட்டார். "பட்டணம் போய் வந்தியளாமே, எம்புட்டுண்ணே செலவு?"

ரயில், பஸ், ஜட்கா, சாப்பாடு, வீணாய்ப் போன வேட்டி எதையும் அய்யா கணக்கில் சேர்க்கவில்லை.

"சீலை எட்டு ரூவா எட்டணா" என்றார்.