கங்கம்மாவுக்கு விடும் இறால்

‘கார்த்திகை, அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், காலை. அக்காவின் பறியில் ஒரே ஓர் இறால்.’ என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

எங்களுடையது ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கும் குடும்பம். நீருக்குள் உட்கார்ந்து சேற்றைத் துழாவ வேண்டும். விரலில் துள்ளுவதைப் பற்றி, பல்லில் கவ்விய பறிக்குள், அதாவது ஓலைக்கூடைக்குள், போட வேண்டும். நான் படித்துப் பொன்னேரி கோர்ட்டில் வேலைக்குப் போனேன். அக்கா ஏரியிலேயே இருந்தாள். தினமும் முதலில் அகப்படும் இறாலை ஏரியைக் காக்கும் அம்மன் கங்கம்மாவுக்கென்று தண்ணீரிலேயே விட்டுவிடுவாள்.

“கங்கம்மா துன்னாளா, பக்கத்துல இருந்தவ புடிச்சாளான்னு பார்த்தியாக்கா?” என்று கேலி செய்வேன்.

“அத்தினி புஸ்தகம் படிக்கிறியே, அதுல போட்டிருக்கும், பார்த்துச் சொல்லு.”

என் மனைவி இறந்தபின் எல்லா மதத்து நூல்களையும் தேடித்தேடிப் படித்தேன். எதுவும் ஒட்டவில்லை. ஒட்டிக்கொண்டது அக்கா விடும் அந்த இறால்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்புகிறவள் ஒருத்தி ஒரே வீட்டில் இருக்கிறாள் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

பிறகு சர்க்கரை நோயில் அவள் விரல்நுனிகள் மரத்துப்போயின. “இறாலும் கல்லும் ஒன்னாத்தான்டா இருக்குது” என்பாள். ஆனாலும் இறங்கினாள்.

அன்று காலை நான் கரைக்குப் போனபோது குளிரில் நடுங்கியபடி ஏறி வந்துகொண்டிருந்தாள். பறியை எட்டிப் பார்த்தேன்.

“இது ஒன்னுதானாக்கா? அப்போ கங்கம்மாவுக்கு?”

“அவ விரலு நல்லாத்தானே கீது? அவளே புடிச்சிக்கட்டும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாழ்நாளெல்லாம் நான் செய்த கேலியைவிடப் பெரிய கேலி அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மதியம் அதைக் குழம்பில் போட்டு என் தட்டில் வைத்தாள். “சாப்பிடுடா, இன்னா மொறைக்கிற?” சாப்பிட்டேன். ருசி எதுவும் நினைவில்லை.

அதற்குப்பின் அவள் ஏரியில் இறங்கவில்லை. கோயில் பக்கமும் போவதில்லை. சாயங்காலம் இருவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டில் இப்போது நம்புகிறவர் யாரும் இல்லை.

நான் கரைக்குப் போவதற்கு முன்பே அவள் ஒன்றைப் பிடித்து விட்டிருக்கலாம். பறியில் இருந்தது இரண்டாவதாக இருந்திருக்கலாம். விட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றும் தோன்றுகிறது. கேட்க எனக்குத் துணிவில்லை. அன்று அகப்பட்ட முதல் இறால் அதுதானா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.