சாயங்காலக் கை

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் வேலைக்கு வந்துபோன காலத்தில், எங்கள் பெண்கள் பெட்டி பாதி சமையலறை. ராத்திரிக் குழம்புக்கான காயைக் காலையிலேயே நறுக்கி முடித்துவிடுவோம். மொபைல் போன் இன்னும் எங்கள் பெட்டிக்குள் ஏறவில்லை. வாய்க்கும் கைக்கும் ஓய்வே கிடையாது.

நாற்பத்திரண்டு வயதில் என் விரல்கள் விடிகாலையில் மடங்க மறுத்தன. பீன்ஸைப் பிடித்தால் கத்தி நழுவும். "வுடுக்கா, வயசாயிட்ச்சி" என்று காயைப் பிடுங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அக்கா போய் அம்மா ஆனேன். என்னைவிட இரண்டே வயது சின்னவள்கூட அம்மா என்றாள். பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீஸ் முடிந்து ஒக்கலிபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டுவேன். அதற்குள் வலி மாத்திரையும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டியதும் சேர்ந்து விரல்களை இளக்கியிருக்கும். அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயசாச்சும்மா, அஷ்டே" என்பார். அவ்வளவுதானாம். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. கடைசியில், மார்ச்சோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வேலை போவதைவிட அந்த ரயில் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆபீஸ் தோழி ஒருத்தி விடவில்லை. காக்ஸ் டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். என் கையைத் தொடும் முன்பே அவர் கேட்டார்: "காலையில எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"மூணரைக்கு."

"அப்போ நான் பாக்கறது சாயங்காலக் கை. மாத்திரை போடாம, ஒரு வேலையும் செய்யாம, ரயில்லேர்ந்து நேரா வாங்க."

அன்று பெட்டியே எனக்குக் காவல். கத்திப் பக்கம் கை நீண்டால், "சும்மா குந்தும்மா!" என்று அதட்டல். ஒருத்தி இட்லியை ஊட்டியே விட்டாள். மருதாணி வைத்த கல்யாணப் பெண் மாதிரி கைகளை மடியில் விரித்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

வீங்கியிருந்த விரல் முட்டிகளைத் தொட்டதும் டாக்டரின் முகம் மாறியது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது: உடம்புக்குள் ஓயாத அழற்சி.

"வயசானதால வந்த வீக்கமில்ல இது. இந்த வீக்கந்தான் உங்களுக்குச் சீக்கிரமே வயசாக்குது. மூட்டுக்கு, ரத்தக் குழாய்க்கு, எல்லாத்துக்கும். மருந்து இருக்கு. ஆனா இந்தச் சுண்டுவிரல் வளைஞ்சது வளைஞ்சதுதான்."

அந்த 'அஷ்டே'யை நினைத்து ஆத்திரமாக வந்தது.

மருந்து வேலை செய்யச் சில மாதங்கள் பிடித்தன. மார்ச் போனது, நான் போகவில்லை. பீன்ஸும் என் மடிக்குத் திரும்பியது. ஒருநாள் ரயிலில் என் கதையைப் பெருமையாக அளந்துவிட்டு, சும்மா கேட்டுவைத்தேன்: "வேற யாருக்காவது காலையில வெரலு மடங்க மாட்டேங்குதா?"

ஜன்னலோரம் ஒருத்தி கத்தியைக் கீழே வைத்தாள். போன வருஷம்தான் கல்யாணம் ஆனவள்.

"எனக்கும் வயசாயிட்ச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா" என்றாள்.