என் கணவர் ஏற்கனவே போன கப்பல்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். ஒருவர், "மேடம் நல்லாத்தானே இருக்காங்க?" என்று ஆசிரியருக்கு ஃபோனே செய்துவிட்டாராம். நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு வாரம் கப்பலில் போய் வந்தேன். வந்த பிறகு ஒரு வாரம், எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் தி.நகர். பாண்டி பஜாருக்குப் பின்னால், குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற ஒரு டிராவல் ஏஜென்ஸி. அங்கே இருந்த பெண் எங்கள் முன்னால் பளபளவென்று ஒரு புத்தகத்தை விரித்தாள். பதினெட்டு மாடிக் கப்பல். உள்ளேயே நீச்சல் குளம், தியேட்டர், கடைத்தெரு...

"சீனியர் சிட்டிசன்ஸ் எல்லாரும் இதைத்தான் கேட்கிறாங்க மேடம்."

என் கணவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்து மூலையில், தபால்தலை அளவு படத்தில் இருந்த ஒரு கப்பல் மேல் விரலை வைத்தார்.

"இதுல போடும்மா."

"சார், அது ரொம்பப் பழசு. சின்னது. ஒரே ஒரு டைனிங் ஹால்தான்."

"இது திருகோணமலைல நிக்கறதோல்லியோ?"

"நிக்குது சார். ஆனா அங்க ஷாப்பிங் எதுவும் இருக்காதே..."

"போறும்."

காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ரகுநாதனுக்கு ஓர் அண்ணா. பெயர் சேதுமாதவன். இரண்டே வயது மூத்தவர். ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள். முகமும் அப்படித்தான் — கல்யாணமான புதிதில், முதுகைப் பார்த்து ஏமாந்து, மைத்துனரிடம் போய் "காபி ஆறிப்போறது" என்று சொல்லி அசடு வழிந்திருக்கிறேன். அண்ணா படிப்பை முடிக்கவில்லை. எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மயிலாப்பூர் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வெளியே போனவர்தான். மூன்று மாதம் கழித்துத் திருகோணமலை முத்திரையோடு ஒரு கார்டு வந்தது. 'சௌக்கியம். தேட வேண்டாம்.' அவ்வளவுதான்.

தேடாமல் இருப்போமா? தேடினோம். எழுதிப் போட்டோம், ஆள் விட்டு விசாரித்தோம். சேதுமாதவன் என்று அந்த ஊரில் யாரையும் யாருக்கும் தெரியவில்லை.

காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்குள் வராவிட்டால் போய்விட்டதாகவே கொண்டு, தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, எல்லாக் காரியமும் செய்துவிடுவார்கள். நாங்களும் செய்தோம். தம்பிதான் கொள்ளி வைத்தார். அதன் பிறகு வருடா வருடம் திதி.

ஆனால் ஒவ்வொரு திதியன்றும் இவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "நாம பண்றது சரிதானா வத்சலா? ஒருவேளை இருந்தார்னா?" என்பார். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. கடைசிக் கார்டு வந்த ஊர்க் கடலில் ஒரு தடவை எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று நினைத்தார். அதற்குத்தான் இந்தக் கப்பல்.

ஏஜென்ஸிப் பெண் இவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் கம்ப்யூட்டரில் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"சார் இதுல ஏற்கனவே போயிருக்கீங்களா? ரிட்டர்ன் கெஸ்ட்னு காட்டுது. பேரு, பிறந்த தேதி ரெண்டும் ஒத்துப்போகுது. ஜன்னல் வெச்ச கேபின் ஃப்ரீயா தருவாங்க சார்."

'இல்லையே, போனதில்லையே' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மயிலாப்பூர்க்காரர்கள் நாங்கள்... இலவசமாக ஒரு ஜன்னல் வருகிறது என்றால் வாயைத் திறப்போமா? கம்ப்யூட்டருக்குத் தப்பு, நமக்கு யோகம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

கப்பல் பழசுதான். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துத் தடித்துப்போன சுவர்கள். நடைபாதையில் கால் வைக்கிற இடம் மட்டும் தேய்ந்த கம்பளம். குழாயைத் திறந்தால் கொஞ்ச நேரம் இருமிவிட்டுத்தான் தண்ணீர் வந்தது. இதெல்லாம் எனக்குப் பிடித்தே இருந்தது.

கேபினுக்குள் போனோம். இரண்டு கட்டிலும் தயாராக இருந்தன. ஒரு கட்டிலில் மட்டும் தலையணையை எடுத்துவிட்டு, போர்வையை நாலாக மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். என் கணவர் தலையணை வைத்துக்கொள்ள மாட்டார். போர்வையை அப்படி மடித்துத்தான் வைத்துக்கொள்வார். அது அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்.

"நீ சொல்லி வெச்சியா?" என்றார் இவர்.

"நீங்க சொல்லலையா?" என்றேன் நான்.

இவர் போர்வையை எடுத்து உதறி, மறுபடி அதே மாதிரி நாலாக மடித்து வைத்தார்.

மறுநாள் முழுக்கக் கடல்தான். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் வெறிச்சோடிக் கிடந்தது. இத்தனை பயணிகளும் எங்கே போனார்கள்? நடைபாதையில் எங்கள் இரண்டு பேர் காலடிச் சத்தம் மட்டும். எங்கோ ஒரு கதவு, கப்பல் சாயும்போது திறந்து, நிமிரும்போது மூடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த சிப்பந்தி ஒருவர் இவரைப் பார்த்துத் தெரிந்த முகம்போலச் சிரித்தார். படியில் இன்னொருவர், "வெல்கம் பேக், சார்" என்றார். எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை?

சாப்பாட்டு அறையில் எங்களுக்குப் பரிமாறியவர் பெயர் லாரன்ஸ். ஐம்பது வயதிருக்கும். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். இவரை நேரே ஜன்னலோரம் இருந்த மூலை மேஜைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். கேட்காமலே ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். இவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"உப்பே இல்லை வத்சலா" என்றார், மெதுவாக.

எங்கள் வீட்டில் உப்பில்லாமல் மோர் குடித்தவர் ஒரே ஒருத்தர்தான்.

"இன்னா சார், அப்டியே வெச்சிட்டீங்க? உங்களுக்கோசரம்தான் உப்பு போடாம கலக்கினேன்" என்றார் லாரன்ஸ்.

"நான் இந்தக் கப்பலுக்கு இப்பதாம்பா முதல் தடவையா வரேன்."

லாரன்ஸ் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"காமெடி பண்ணாதீங்க சார். நாலஞ்சு வருசமா வந்துகினு கீறீங்க. திருகோணமலைல ஏறுவீங்க, சென்னை வரைக்கும் வந்துட்டு, இதே கப்பல்ல திரும்பிப் போயி அங்கியே எறங்கிப்பீங்க. ரெண்டு தபாவாதான் ஆளைக் காணோம். கடசியா வந்தப்போ ஒடம்பு ரொம்ப முடியாம இருந்துச்சே... தாடிய எடுத்துட்டீங்க, இப்போ ஆளு தெளிவா கீறீங்க."

"சென்னைல எறங்கி எங்கே போவார்?" கேட்டது நான்தான்.

லாரன்ஸ் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்கும் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

"எறங்க மாட்டாரும்மா. கப்பல் ஹார்பர்ல நிக்கிற நேரம் பூரா மேல் டெக்குல நின்னுகினு ஊரப் பாத்துகினே இருப்பாரு. சாப்ட கூப்ட்டாலும் வர மாட்டாரு. இன்னா சார் அப்டி பாக்கறீங்கன்னு ஒரு தபா கேட்டேன். என் தம்பி வூடு அந்தாண்ட கீதுன்னாரு."

"அவர் பேர் என்னப்பா?" என்றார் என் கணவர்.

"உங்க பேருதான் சார். ரகுநாதன். லிஸ்ட்ல அதானே கீது?"

அண்ணா போன அதே வாரம் எங்கள் வீட்டில் ஒரு ஃபைலும் காணாமல் போனது. என் கணவரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டிகிரி சர்ட்டிஃபிகேட், எல்லாம் அதில்தான். பழைய பேப்பர்காரர் கட்டோடு கட்டாக அள்ளிப் போய்விட்டார் என்று, பாவம், அந்த மனிதரை என் மாமியார் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். டூப்ளிகேட் வாங்கிக்கொண்டோம். பிறகு இவர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது ஏன் அத்தனை விசாரணை நடந்தது என்பதும் அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் எனக்கு உறைத்தது. அண்ணாவையும் அந்த ஃபைலையும் நாங்கள் சேர்த்து நினைத்ததே இல்லை. வீட்டு மனிதரை யார் அப்படி நினைப்பார்கள்?

ஆக, இவர் பெயரில் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். அவர் பெயருக்கு இவர் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தார். அப்படியானால் நாங்கள் கொளுத்தியது யாரை? சொல்ல வெட்கமாக இருக்கிறது... பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் கணவர்தானா என்று அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

பெரிய கப்பலில் யாருக்கும் யாரையும் தெரியாது. அறை எண்தான் நம் பெயர். சின்னக் கப்பலில் அப்படி இல்லை. அதே சிப்பந்திகள், வருடக்கணக்காக, ஒவ்வொருவரின் மோரையும் போர்வையையும் நினைவு வைத்திருக்கிறார்கள். இந்தக் கப்பலை எடுக்காமல் இருந்தால் எங்களுக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கும்.

சாப்பிட்டதாகப் பெயர் பண்ணிவிட்டு மேல் தளத்துக்குப் போனோம். லாரன்ஸ் ஓர் இடத்தைக் காட்டினார். கைப்பிடிக் கம்பியில் அங்கே பெயின்ட் தேய்ந்திருந்தது. இவர் அதன் மேல் இரண்டு கையையும் வைத்தார். அந்தத் தேய்மானத்தில் கை சரியாகப் பொருந்தியது. எனக்கு அது பிடிக்கவில்லை. கையை எடுங்கோ என்றேன். எடுக்கவில்லை.

"ரெண்டு தடவையா காணோம்ங்கறானே... ஒடம்பு முடியலைங்கறானே. நாம வந்து சேர்றதுக்குள்ள திரும்பவும் போயிட்டாரோ?"

ஒருவர் எத்தனை தடவைதான் சாவார்?

திருகோணமலையில் கப்பல் நின்றபோது நடுப்பகல் தாண்டிவிட்டது. நாலு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் எல்லாம் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். எள்ளும் தர்ப்பையும் வைத்த பையோடு நாங்கள் துறைமுக வாசலில் நின்றோம். எங்கே போவது, யாரைக் கேட்பது? அப்போது வயதான ஆட்டோக்காரர் ஒருவர் இவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"ஐயா, கப்பலால இப்பதான் வந்தீங்களோ? வீட்டதானே? ஏறுங்க!"

முகவரி கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இவர் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் ஆள் வேறு என்று தெரிந்துவிடும், பிறகு வீடு கிடைக்காது. முன்பின் பார்த்திராத ஊரில் நம்மை நம் வீட்டுக்கே ஒருவர் கூட்டிப்போனால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வழியில் ஒரு கடைக்காரர் கை அசைத்தார். என் கணவரும் திருப்பி அசைத்தார். அந்த ஊரிலேயே காலமெல்லாம் இருந்தவர் மாதிரி அசைத்தார்.

கடற்கரைக்குப் பின்னால் ஒரு சந்து. சின்ன ஓட்டு வீடு. கேட்டில் பெயர்ப்பலகை. ரகுநாதன்.

கொடியில் துவைத்துப் போட்ட வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா, ஆள் இருக்கிறார் என்று மூச்சு வந்தது எனக்கு. ஜன்னல் வழியாக உள்ளே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"அண்ணா!" என்றார் இவர்.

ஜன்னல் பக்கம் போய் மறுபடி கூப்பிட்டார்.

"சேது அண்ணா... நான்தான். மயிலாப்பூர்லேர்ந்து வந்திருக்கேன்."

மின்விசிறி நின்றது.

கரண்ட் போகவில்லை. எதிர் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. எத்தனை திதிகளில் மந்திரத்தோடு சொன்ன பெயர் அது! அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளேயிருந்து யாராவது 'என்ன' என்று கேட்டால் என்ன செய்வது?

தட்டினார். கூப்பிட்டார். மறுபடி தட்டினார். மணி மூன்றரையாகிவிட்டது.

"வாங்கோன்னா, கப்பல் போயிடும். அவருக்கு இஷ்டமில்லை" என்றேன்.

கேட் வரை வந்தவர் நின்றுவிட்டார். பெயர்ப்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், கதவில் நெற்றி படுகிற மாதிரி நின்றுகொண்டு, தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்டார்.

"ரகுநாதா!"

உள்ளே கால் தேய்கிற சத்தம்.

"யாரு?"

என் கணவரின் குரல். சத்தியமாகச் சொல்கிறேன், நான் முதலில் இவருடைய உதட்டைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை.

யாரென்று சொல்வார் இவர்? சொல்வதற்கு இருந்த ஒரே பெயரையும் இப்போதுதான் உள்ளே இருப்பவருக்குக் கொடுத்தாயிற்று.

"தம்பி வந்திருக்கேன்" என்றார். "பேரை நீயே வெச்சுக்கோ அண்ணா. எனக்கு வேண்டாம். கதவை மட்டும் திற."

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே பேசியதை எழுத மாட்டேன். அது அவர்கள் இரண்டு பேருடையது. எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் இருந்தார். இரண்டு கிழவர்களும் அழுத அழுகையில் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நல்லவேளை, கப்பல் எங்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்தது. ஏணியடியில் பட்டியலோடு நின்றவர், "பேரு?" என்று கேட்டார்.

என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.