ஐந்தங்குல வித்தியாசம்

நோரீன் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் ஊர் முடியும் இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட அவளுடைய இறைச்சிக்கூடம் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை வேட்டைக்காரர்கள் எல்க் மான்களைச் சுட்டுக் கொண்டுவருவார்கள். தோலுரித்து, எலும்பு நீக்கி, துண்டு போட்டுப் பொட்டலமாகத் திருப்பித் தருவது அவள் தொழில். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற நான் அந்த மூன்று மாதமும் பொட்டலம் கட்டப் போவேன். எப்போதும் பரபரப்பானவள்தான். ஆனால் அந்த வருடம் அவள் ஒரு நிலையிலேயே இல்லை. கூராக இருக்கும் கத்தியையே மறுபடி தீட்டுவாள். சில்லிக் குழம்பில் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசலுக்குப் போய் மலைச்சரிவைப் பார்ப்பாள்.

காரணம் எனக்குத் தெரியும். முந்தின அக்டோபரில் அவள் ஒரு கொம்பனை, கிளைக்கொம்புள்ள ஆண் எல்க்கை, காயப்படுத்திவிட்டாள். காலை எட்டு மணி, எதிர்ச்சரிவில் அது குறுக்கே நடந்து போயிருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த முப்பது காலிபர் துப்பாக்கியால் சுட்டாள். குண்டு கீழே இறங்கி முன்னங்காலை உடைத்தது. மூன்று காலில் நொண்டிக்கொண்டு மான் காட்டுக்குள் புகுந்துவிட்டது. அவளும் தம்பி டாரலும் இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் பனி விழுந்து தடத்தை மூடியது. மோசமாகச் சுட்டுக் கொண்டுவருபவர்களை வாய் ஓயாமல் கிண்டல் செய்தவள், ஒரு மானுக்கான அந்த வருடத்து அனுமதிச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டு, துப்பாக்கி பழசு, குண்டு இறங்கிவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு வருடம் ஊரெல்லாம் புது ஏழு மில்லிமீட்டர் தோட்டாவைப் பற்றித்தான் பேச்சு. பழையதைவிட நொடிக்கு முந்நூறு அடி வேகம் கூடுதல். குண்டு அவ்வளவாக இறங்காது, தூரத்துக் குறிக்கு நல்லது என்றார்கள். டாரல் வெளியூர்க்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. வாடிக்கையாளர்களுக்காக அந்த ரகத்தில் ஆறு துப்பாக்கி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஊர்ல சுடுற எல்லா மானும் உன் மேசைக்குத்தான் வருது. விக்கிறவன் பேச்சை நம்பமாட்டேன், நீ சொல்லு. வாங்கலாமா, வேணாமா?" என்றான்.

அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் தோட்டா எது, எத்தனை கஜம் என்று கேட்டுச் சுவரில் மெழுகுப் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். குண்டு பட்டுக் கெட்டுப்போய் வெட்டி எறிய வேண்டிய சதையை வாளியில் போட்டு எடை பார்த்தாள். முதல் வாரத்தில் புதுத் தோட்டாவில் விழுந்த மூன்று மான்கள் வந்தன. மூன்றிலும் தோள்பட்டை ரத்தம் கட்டிக் கூழாகிக் கிடந்தது.

"பாத்தீங்களா? இது வேட்டைத் தோட்டா இல்ல, வெடிகுண்டு. டாரலுக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்க, வேணாம்னு" என்றாள் என்னிடம்.

நான் போடவில்லை. இரண்டாவது வாரம் அதே தோட்டாவில் நான்கு மான்கள் வந்தன. ஆனால் இவற்றின் முனையில் இருந்தது முழுச் செம்பில் செய்த, சிதறாத கெட்டிக் குண்டு; இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வாளி காலி. அதே வாரத்தில் பழைய தோட்டாவில் அறுபது கஜத்தில் சுட்ட ஒரு மான் தோள்பட்டை முழுக்கக் கந்தலாகி வந்தது. நோரீன் சுவரில் எழுதியதை மேலிருந்து கீழே படித்தாள். ஒரே வார்த்தையில் பதில் கிடைத்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"குண்டு எதுங்கறதுலதான் இருக்கு. எவ்வளவு கிட்டக்க சுடுறோம்ங்கறதுலயும்" என்று முணுமுணுத்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல், "போன வருஷம் இது என் கையில இருந்திருந்தா அந்தக் கொம்பன் விழுந்திருக்குமா?" என்றாள்.

நான் அடுத்த பொட்டலத்தைக் கட்ட ஆரம்பித்தேன்.

அக்டோபர் நடுவில் அவளுக்கு வேட்டை நாள் வந்தது. டாரல் தனக்கென்று வாங்கியிருந்த ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கியைக் கொடுத்தான். நானும் சுமை தூக்கப் போனேன். இரண்டு நாள் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவளோ ஓரிடத்தில் கால் மணி நேரம் தங்கமாட்டாள். எழுந்து அடுத்த முகட்டுக்குப் போவோம் என்பாள்.

"நீ நடக்குற நடைக்கு மானெல்லாம் மொன்டானாவுக்கே போயிடும். கொஞ்சம் உக்காரு தாயே" என்றான் டாரல்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கொம்பன் எதிர்ச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. நோரீன் படுத்துக்கொண்டாள். டாரல் தூரம் அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்தான்.

"நானூத்திப் பத்து கஜம். இந்தத் தோட்டாவுக்கு இதெல்லாம் கைக்கெட்டுற தூரம். எத்தனை கஜத்துக்குக் குண்டு எவ்வளவு இறங்கும்ங்கற அட்டவணை துப்பாக்கிப் பின்கட்டையில ஒட்டியிருக்கு, பாத்துச் சுடு."

அவள் சுடவில்லை. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், முந்நூத்தி எண்பது கஜத்துல இது எவ்வளவு இறங்கும்?"

"மான் நிக்குறது நானூத்திப் பத்துலக்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பதினாலு, பதினஞ்சு அங்குலம்."

"என் பழைய துப்பாக்கில இருபது. வித்தியாசம் அஞ்சு அங்குலம்." துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தாள். "அன்னிக்கு அது நின்ன இடம் முந்நூத்தி எண்பது, பின்னாடி அளந்து பாத்தேன். நான் இருநூத்தி அம்பதுன்னு நெனைச்சு நடு மார்புக்கு வச்சேன். இது இருந்திருந்தாலும் கால்லதான் பட்டிருக்கும், இல்லன்னா நெஞ்சடித் தோலைக் கிழிச்சிருக்கும்."

"சரி விடு, தூரத்தைக் கண்ணால அளக்குறதுல யாருக்கும் தப்பு வரும்."

"கருவி என் சட்டைப் பையில இருந்துச்சுடா."

டாரல் தன் கருவியைக் கண்ணிலிருந்து இறக்கினான்.

"மான் நடந்துட்டே இருந்துச்சு. எடுத்துப் பாத்தா போயிடுமோன்னு பயம். அவசரப்பட்டுட்டேன். துப்பாக்கி பழசு, குண்டு இறங்கிடுச்சுன்னு உங்கிட்டயும் ஊர்லயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ரெண்டு நாள் நீ காடெல்லாம் அலைஞ்சு தேடுனப்பவும் சொல்லல."

டாரலுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இதை மனசுல வச்சுக்கிட்டா ஒரு வருஷமா கத்தியைத் தீட்டிட்டு இருக்க? இப்ப சுடுறியா இல்லையா?"

"புல்லைப் பாரு. பள்ளத்துல காத்து ஒரு பக்கம், மேல வேற பக்கம். குண்டு எவ்வளவு வேகமா போனாலும் காத்து கொஞ்சம் தள்ளத்தான் செய்யும். கிட்டப் போலாம்."

"கிட்டப் போனா அது ஓடிடும்."

"ஓடட்டும்."

ஓடிவிட்டது. டாரல் கோபத்தில் எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு, ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே, அதைவிடச் சின்னக் கொம்பன் ஒன்று நின்றது. நோரீன் தானே அளந்தாள். இருநூற்றுப் பத்து. மூச்சை விட்டாள், சுட்டாள். மான் இரண்டு எட்டு வைத்துச் சரிந்தது. அதன் பக்கத்தில் மண்டியிட்டுக் கழுத்தைத் தடவினாள். சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை, அழவும் இல்லை. உடனே கத்தியை எடுத்தாள்.

கூடத்தில் அதை அவளே வெட்டினாள். டாரல் கொடுத்திருந்தது கெட்டிக் குண்டு இல்லை. ஒரு பக்கத்துத் தோள் முழுக்கக் கறுத்த கூழ். பதினொரு பவுண்டு வாளிக்குப் போனது. டாரல் காப்பிக் குவளையோடு எட்டிப் பார்த்தான்.

"இப்பவாவது சொல்லுவியா? வாங்கவா, வேணாமா?"

"ஆறு வேணாம், ரெண்டு வாங்கு. மேக்கால இருக்குற வெட்டவெளிக்கு மட்டும். அங்க கிட்டப் போக மறைப்பு கிடையாது, இது உதவும். காட்டுக்குள்ள கூட்டிப்போறவங்களுக்கு அவங்க பழைய துப்பாக்கியே போதும். வாங்குற ரெண்டுக்கும் கெட்டிக் குண்டு போடு, இந்த வாளியைப் பாத்தேல்ல. அப்புறம் ஒண்ணு. வர்ற ஆளு எவனா இருந்தாலும் முதல் நாளு இரும்புத் தட்டைக் குறியா வச்சுச் சுட வை. எத்தனை கஜம் வரைக்கும் குண்டு தட்டுல படுதோ அதுக்கு மேல மலையில விசை தொடக் கூடாது."

"பணம் கட்டி வர்றவன்கிட்ட இதெல்லாம் சொன்னா கிளம்பிப் போயிடுவான்க்கா."

"போகட்டும். காயம்பட்டதைத் தேடி நீ அலையறதைவிட அது மேல்."

டாரல் இரண்டு துப்பாக்கிதான் வாங்கினான். அடுத்த வருடம் டென்வர்க்காரர் ஒருவர் தட்டுச் சோதனைக்கு முகம் சுளித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சுட்டார்கள். தட்டில் இருநூறு கஜத்தைத் தாண்ட முடியாத ஒருவர், மலையில் அந்தத் தூரத்துக்குள் ஊர்ந்து போய் நல்ல மானோடு வந்தார்.

நோரீன் மாறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். இப்போதும் வாசலுக்கும் மேசைக்கும் நடக்கிறாள். அந்தக் கொம்பன் எங்கே போய் விழுந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, தெரியாமலேதான் இருக்கும். ஆனால் கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்கிறாள். போன வாரம் புது மாப்பிள்ளை ஒருவன் மேசையில் சாய்ந்துகொண்டு, "புதுத் தோட்டா வாங்கலாங்களா?" என்றான். அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டே அவனுடைய காலிச் சட்டைப் பையைக் காட்டினாள்.

"முதல்ல தூரம் அளக்குற கருவி வாங்கு தம்பி. வாங்கினா மட்டும் பத்தாது. வெளிய எடுக்கணும்" என்றாள்.

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.