அஞ்சு போட்டோ பாக்கி

அண்ணன் டிசம்பர்ல ஃப்ரீவே ஆக்சிடென்ட்ல போயிட்டான். சுவத்துல மாட்ட ஒரு நல்ல போட்டோ இல்ல. கேமரா எப்பவும் அவன் கையிலயே இருக்கும், அவன யாரு எடுக்கறது? கல்யாண ஆல்பத்துல மீசையும் பயமுமா வேற யாரோ மாதிரி இருப்பான். கடைசில கிரீன் கார்டுக்கு எடுத்தத பெருசாக்கி மாட்டினோம். வலது காது தெரியணும்னு அப்ப ரூல், அதனால பாதி மூஞ்சிதான். மாலைக்குள்ள காது மட்டும் ஜம்முனு இருக்கும்.

அண்ணி பிரசவத்துக்கு ஒத்தாசையா அமெரிக்காவுல இந்த பிளசன்டனுக்கு வந்தவ நான். எட்டாவதோட படிப்ப விட்டாச்சு, கேமராவத் தொட்டதுகூட இல்ல. அவன் கேமராவுல ஃபிலிம் ரோல் அப்படியே கிடந்துச்சு. முப்பத்தியொண்ணு எடுத்தாச்சு, அஞ்சு பாக்கி. உள்ள ஒண்ணுலயாவது அவன் சிரிச்சுக்கிட்டு இருக்க மாட்டானான்னு நப்பாசை. பாப்பாவுக்குக் காட்டணுமே. ஆனா ரோல் முடியாம கழுவக் குடுக்கற பழக்கம் எங்க வீட்ல கிடையாது.

மார்ச்ல அண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த பேப்பர் படத்தக் காட்டினாங்க. "பாலைவனத்துல பூ பூக்கும், போலாம்னு உங்கண்ணன் ஒட்டினது. மிச்ச அஞ்ச அங்க எடுத்துடு."

பக்கத்து வீட்டு அங்கிள் வேன் ஓட்டினார், ஆன்ட்டி வழி பூரா பேசினாங்க. மத்தியானம் போய் எறங்கினா எங்க பாத்தாலும் கல்லு, மண்ணு, நடுவுல மஞ்சள் மஞ்சளா பூ. தண்ணி ஊத்த ஆளே இல்லாம இவ்ளோவா! குந்தி உக்காந்து ஒண்ண எடுத்தேன்.

ஆன்ட்டி பதறிட்டாங்க. "ஏன்டி, ஆளில்லாம வெறும் பூவ எடுத்து ஃபிலிம வேஸ்ட் பண்ற? ஏங்க, வாங்க நிப்போம்!" அண்ணியையும் இழுத்து நிறுத்தினாங்க. அப்புறம் அவங்களே, "ஐயய்யோ, மூணு பேரா நிக்கக்கூடாது! பாப்பாவத் தூக்கிட்டு வாங்க."

"தூங்குதும்மா," அங்கிள் சொன்னார்.

"தூங்கட்டும். கணக்குக்கு ஒரு தலை."

மிச்ச மூணும் ஆன்ட்டிக்குத் தெரியாம பூதான். கடைசி கிளிக்ல ரோல் முடிஞ்சு, கேமரா தானா கிர்ர்ருனு ஃபிலிமத் திருப்பிச் சுத்திச்சு. இனி அவன் எடுக்க வேண்டியதுன்னு ஒண்ணும் பாக்கி இல்லியே.

பிளசன்டன் திரும்பி வந்து கழுவக் குடுத்தோம். போட்டோ கவரக் கடை பார்க்கிங்லயே பிரிச்சோம். அவன் எடுத்ததெல்லாம் நாங்க, பாப்பா, தூங்கற அண்ணி. ஒண்ணே ஒண்ணுல அண்ணன்! டைமர் வச்சுட்டு, நானும் அண்ணியும் உக்காந்திருக்கற சோபாவப் பாத்து ஓடறான். வாயெல்லாம் சிரிப்பு, கேமராவத் திரும்பிப் பாக்கறான். அதுலயும் பாதி மூஞ்சி. அதே வலது காது.

"இந்த மனுஷனுக்கு முழு மூஞ்சிக்குக் குடுப்பினையே இல்லடி," அண்ணி சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. நானும்தான்.

"ஓடற போட்டோவ எவளாவது மாட்டுவாளா?"ன்னாங்க ஆன்ட்டி. மாட்டினோம். மாலை போட்டா சிரிப்ப மறைக்குதுன்னு மாலையும் வேணாம்னுட்டோம். இப்ப பாப்பாகிட்ட அப்பா எங்கன்னு கேட்டா, தன் காதப் புடிச்சுக் காட்டும்.