பத்தே பத்து போர்ட்

பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மும்பை செம்பூரில் எம்ப்ராய்டரி டிசைன் போடும் ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாராவிப் பட்டறைக்காரர்கள் எங்கள் எஃப்டிபி சர்வரிலிருந்து டிசைன் ஃபைல்களை இறக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு ஃபைலும், ஃபைல் பட்டியலும்கூட, வெளியே போக ஒரு தனி போர்ட் வேண்டும், வாசல் மாதிரி. எவனாவது உள்ளே புகுந்துவிடுவான் என்ற பயத்தில் பத்தே பத்து போர்ட்டைத்தான் திறந்து வைத்திருந்தேன்.

புதிதாக நாலு பட்டறைகள் சேர்ந்த மாதம், சர்வர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. லாகின் ஆகும், ஃபைல் பட்டியல் வராது. கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். செவ்வாய் நாலரைக்கு நின்றது, புதன் ஒன்றரைக்கு, வியாழன் மூன்றுக்கு. நாளுக்கொரு நேரம் என்றால் அது மெஷின் கோளாறா? யாரோ மாட்டிக்கொள்ளாமல் இருக்க நேரத்தை மாற்றி மாற்றிச் செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

ஆபீசில் டிசைன் போடும் ஒரு பெண்மணி இருந்தார். சர்வர் நிற்கும்போதெல்லாம் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குசுகுசுவென்று பேசுவார். காட்கோபரில் வேறு வேலை தேடுகிறார் என்றும் காதில் விழுந்திருந்தது. போதாதா எனக்கு? வியாழன் சாயந்திரம் முதலாளியிடம் இந்தப் பெண்மணிதான் என்று அடித்துச் சொன்னேன். வெள்ளி காலையில் அவரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

அன்று பன்னிரண்டு மணிக்கு சர்வர் மறுபடி நின்றது.

தாராவிப் பட்டறைக்காரர் ஒருவருக்கு நானே போன் போட்டு, இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, ராகு காலத்துல எவனாவது புது டிசைன் தொடுவானா? முடிஞ்ச ஒடனே எல்லாப் பட்டறையும் ஒண்ணாத்தான் எறக்குவோம். வரலன்னா அந்த அக்காவுக்குத்தான் போன் அடிப்போம். அவங்க பொறுமையா கேப்பாவ. நீரு ஏசுவீரு."

காலண்டரைப் பார்த்தேன்: நாலரை, ஒன்றரை, மூன்று, பன்னிரண்டு, எல்லாமே அந்தந்த நாள் ராகு காலம் முடியும் நேரம். சர்வரின் பதிவேடான லாகைத் திரும்பத் திறந்தேன். காலி போர்ட் இல்லை என்ற வரி நாலு நாளாக அதிலேயே இருந்திருக்கிறது. நான் அதில் ஆளைத்தான் தேடியிருக்கிறேன். கூடுதலாக முந்நூறு போர்ட்டைத் திறந்துவிட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதலாளியிடம் உள்ளதைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்மணிக்கு போன் செய்தேன். தப்பு என்னுடையது, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"போர்ட்டைத் திறந்துட்டீங்க, சரி. அடுத்த தடவை ஏதாவது நின்னா முதல்ல யாரைப் பாப்பீங்க?"

இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமை அவர் வரவில்லை.