ஒளியில் நிற்காமல் நழுவிய மணி

மாசாய் நகரில் நான் வேலை செய்த மின்னணுத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பதினொரு வருஷம் மைக்ராஸ்கோப்பில் சர்க்யூட் பலகைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடித்தவள் நான். நாற்பதை நெருங்கும் வயதில் இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று வீட்டில் இருந்தபோதுதான், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. மைக்ராஸ்கோப் பழக்கம் என்று நேர்முகத்தில் சொன்னதற்காகவே எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர் தங்காக் ஊரைச் சேர்ந்த ஒரு பெண். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர், விடுப்பு எடுத்து வந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

முதல் நாளே தன் கருவியைக் காட்டினார். லேசர் ஒளியை லென்ஸ் வழியாக ஒரு புள்ளியில் குவித்தால், தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் மணி அதில் மாட்டிக்கொள்ளும். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராத மணி.

"வெளிச்சத்துக்குக் கையா இருக்கு டீச்சர், பிடிக்கிறதுக்கு?"

"மணிக்குள்ள புகுந்து போறப்போ வெளிச்சம் வளையுதுக்கா. வளையறப்போ மணியை லேசா தள்ளும். அது எந்தப் பக்கம் விலகினாலும் திரும்ப நடுவுக்கே கொண்டுவந்துடும்."

பாதிதான் புரிந்தது. ஆனால் திரையில் ஒரு புள்ளி அகப்பட்டு, நின்ற இடத்திலேயே துடிப்பதைப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தத் துடிப்பை அவர் பத்து நிமிஷம் அளக்க வேண்டும். மணியோ இரண்டு நிமிஷத்தில் நழுவிவிடும். லென்ஸைத் துடைத்தார், அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனை அணைத்தார், மேசைக்கு அடியில் ரப்பர் வைத்தார். மூன்று வாரம் போனது. ஒருநாள் மத்தியானம், "ஸ்கூலுக்கே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்க்கா," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

நான் திரை முன்னால் உட்கார்ந்தேன். அகப்பட்ட மணியை விட்டுவிட்டு, பிடிபடாமல் மிதந்த மற்ற மணிப் புள்ளிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இஷ்டத்துக்கு ஆடியது. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால், எல்லாமே மெதுவாக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தன. இரண்டு மெல்லிய கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவேதான் அந்தத் தண்ணீர் இருந்தது. அந்தக் கண்ணாடியை நகர்த்தி வேறு மூன்று இடங்களில் பார்த்தேன். எங்கும் அப்படித்தான்.

டீச்சர் வந்ததும் சொன்னேன். "கொஞ்சம் ஓடத்தான் செய்யும்," என்றார். பிறகு அவரே உட்கார்ந்து, கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"எங்கயோ ஒட்டு விட்டிருக்கு டீச்சர். ஃபேக்டரில இந்த மாதிரி நிறைய பார்த்திருக்கேன்."

கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். ஓரங்களை அடைக்கத் தடவியிருந்த கிரீஸ் இடது பக்கம் மயிரிழை அளவு விலகியிருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் காய்ந்துகொண்டே போக, மிச்சத் தண்ணீரும் மணிகளும் அந்தப் பக்கம் இழுபட்டிருக்கின்றன.

என் கைப்பையில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய நெயில் பாலிஷ் இருந்தது. புதுக் கண்ணாடியில் நாலு ஓரமும் பூசினேன்.

"இது போதுமாக்கா?"

"காயட்டும் டீச்சர், அப்புறம் அசையாது."

காய்ந்தபின் ஒரு மணியைப் பிடித்தார். இரண்டு நிமிஷம் தாண்டியது. ஐந்து தாண்டியது. இருவரும் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டோம். பத்தாவது நிமிஷத்தில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"மூணு வாரமா இதே திரையைத்தான்க்கா பார்த்துக்கிட்டிருந்தேன்."

"நீங்க பிடிச்ச மணியையே பார்த்துக்கிட்டிருந்தீங்க டீச்சர். அதுதானே உங்க வேலை."

அவர் ஸ்கூலுக்குத் திரும்பவில்லை. கண்ணாடி தயார்செய்யும் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இப்போது ரத்தச் சிவப்பணுக்களை ஆராய்கிறோம். போன மாதம் டீச்சர் எழுந்து தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். இரண்டு ஒளிப்புள்ளிகளால் ஓர் அணுவை நானே பிடித்து, இரு பக்கமும் இழுத்தேன். நீண்டது. விட்டதும் பழையபடி வட்டமானது. திரும்பத் திரும்ப ஐந்து தடவை செய்து பார்த்தேன்.

ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்துக்கான பகுதிநேர வகுப்பில் சேர மனு போட்டிருக்கிறேன். விண்ணப்பப் பாரத்தை என் மகள்தான் பூர்த்திசெய்து கொடுத்தாள்.